“ஆஃப்லதானே இருந்துச்சு?” – ஒரு சுவிட்சின் கதை



சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் குடியிருப்பில் நடந்ததை உங்களில் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஹாலில் ஒரு லைட் சுவிட்ச் சரியாக வேலை செய்யவில்லை என்று நம் தம்பி ஒருவர் தானே மாற்ற உட்கார்ந்தார். கவனமான ஆள்தான். முதலில் போய் மெயினை ஆஃப் செய்துவிட்டுத்தான் போர்டைத் திறந்தார். ஆனாலும் கரண்ட் அடித்து, நாற்காலியிலிருந்து பின்னால் விழுந்தார். தோளில் சிராய்ப்போடு போயிற்று. பார்க்கப் போனபோது அவர் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றைத்தான்: “மெயின் ஆஃப்லதானே சார் இருந்துச்சு?”

நாற்பது வருடங்களுக்கு முன்பு இதே கேள்வியை இன்னொருவர் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன். அதனால்தான் சங்கச் செயலாளர் “இந்த இதழுக்கு ஏதாவது எழுதுங்கள்” என்றதும் சுவிட்சைப் பற்றியே எழுதுகிறேன் என்று சொன்னேன். ஒரு சுவிட்சை மாற்றுவது பத்து நிமிட வேலை. அந்தப் பத்து நிமிடத்தில் நாம் கடைப்பிடிக்க வேண்டிய ஒவ்வொரு விதிக்கும் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. வரலாறு தெரிந்தால் விதி மறக்காது என்பது என் அனுபவம்.

மன்னவனூரில் ஒரு சாயங்காலம்

என் சொந்த ஊர் மன்னவனூர். கொடைக்கானலிலிருந்து பூம்பாறை வழியாகச் சுமார் 35 கிலோமீட்டர். ஏரியையும் மத்திய அரசின் ஆட்டுப் பண்ணையையும் பார்க்க நம் குடியிருப்பிலிருந்தே பல குடும்பங்கள் போய்வந்திருக்கிறீர்கள். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரம். உருளைக்கிழங்கும் பூண்டும் விளையும் மண். மழைக்காலத்தில் மேகம் வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். சுவர் நாள் கணக்கில் ஈரம் காயாது.

எங்கள் வீட்டுக்கு விளக்கு வந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு ஒரே ஒரு குண்டு பல்பு. மரக்கட்டையின் மேல் வட்டமான கறுப்பு சுவிட்ச். அதைப் போடுவதற்கு நானும் தங்கையும் சண்டை போடுவோம்.

ஒருநாள் சாயங்காலம் பல்பு போய்விட்டது. ஹோல்டரும் ஆடிக்கொண்டிருந்தது. சித்தப்பா சுவிட்சை ஆஃப் செய்துவிட்டு, பெஞ்சின் மேல் ஏறி ஹோல்டரைக் கழற்றினார். வெறுங்கால். மண் தரை, பெஞ்சு, சுவர் எல்லாம் ஈரம். ஒரு கையை உத்திரத்துக்குப் பக்கத்தில் சுவரில் ஊன்றியிருந்தார். திடீரென்று ஒரு சத்தத்தோடு கீழே விழுந்தார். வலது கையில் இரண்டு விரல்கள் கருகிவிட்டன. பிழைத்தார். ஆனால் அந்த விரல்கள் கடைசிவரை சரியாக மடங்கவில்லை. பூண்டு உரிக்கும்போது அதைப் பார்க்கலாம்.

அன்றிரவு அவர் கேட்டதும் இதையேதான்: “சுவிட்ச் ஆஃப்லதானே இருந்துச்சு?”

சுவிட்ச் ஆஃபில்தான் இருந்தது. தப்பு வேறு இடத்தில். அதைச் சொல்வதற்கு முன் சுவிட்ச் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடுவோம்.

அந்த ‘டக்’ சத்தம்

மின்விளக்கு வந்த புதிதில் அதை அணைப்பதே ஆபத்தான வேலையாக இருந்தது. இரண்டு உலோகத் துண்டுகள் தொட்டுக்கொண்டிருந்தால் கரண்ட் ஓடும், விலக்கினால் நிற்கும். ஆனால் மெதுவாக விலக்கினால் நிற்காது. இடைவெளியில் காற்று வழியாகவே தீப்பொறி பாய்ந்து எரிந்துகொண்டிருக்கும். அந்தச் சூட்டில் உலோகம் உருகும், பக்கத்து மரம் கருகும். அன்று பல இடங்களில் இருந்தது நேர்மின்சாரம் என்பதால் இந்தத் தொல்லை இன்னும் அதிகம். நாம் இன்று பயன்படுத்தும் மாறுமின்சாரம் நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொட்டுப் போகும். அதனால் பொறி சீக்கிரம் அணைந்துவிடும். நேர்மின்சாரத்தில் அந்த வசதி கிடையாது.

இதற்கு வழி கண்டவர் இங்கிலாந்தில் நியூகாசில் நகரத்தைச் சேர்ந்த ஜான் ஹென்றி ஹோம்ஸ். 1884-ல் அவர் செய்த சுவிட்சுக்குள் ஒரு ஸ்பிரிங் இருந்தது. நீங்கள் எவ்வளவு மெதுவாகத் தள்ளினாலும், ஒரு கட்டத்துக்கு மேல் ஸ்பிரிங்கே உலோகத்தைச் சட்டென்று பிரித்துவிடும். பொறி பாய நேரமே கிடைக்காது. இன்றைக்கு நம் வீட்டுச் சுவிட்சைப் போடும்போது கேட்கும் ‘டக்’ சத்தத்துக்குப் பின்னால் இருப்பது அதே யோசனைதான்.

இதிலிருந்து நமக்கு ஒரு பாடம். ஒரு சுவிட்ச் ‘டக்’ என்று விழாமல் கொழகொழவென்று போனால், நடுவில் நின்றால், உள்ளே ‘சிர்ர்’ என்று சத்தம் கேட்டால், தொட்டால் சூடாக இருந்தால், கருகல் வாசனை வந்தால், அது செத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். “இன்னும் லைட் எரியுதே” என்று விட்டுவைக்காதீர்கள். நம் தம்பி மாற்ற நினைத்தது சரிதான். அவர் தவறியது அதில் இல்லை.

சுவிட்சின் உடம்பும் காலத்தோடு மாறியது. ஆரம்பத்தில் பீங்கானும் பித்தளை மூடியும். 1907-ல் பேக்லண்ட் என்பவர் பேக்கலைட்டைக் கண்டுபிடித்த பிறகு நம் தாத்தா வீடுகளில் இருந்த கறுப்பு, பழுப்பு சுவிட்சுகள் வந்தன. அப்புறம் வெள்ளை பியானோ சுவிட்ச், இப்போது மாடுலர். கீழே தட்டினால் ஆன் என்பது பிரிட்டிஷ் வழக்கம், நமக்கும் அதுவே நின்றுவிட்டது. அமெரிக்காவில் மேலே தட்டினால் ஆன். ஆகவே சுவிட்ச் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை வைத்து கரண்ட் இருக்கிறதா இல்லையா என்று முடிவு செய்யக் கூடாது. தலைகீழாக மாட்டிய சுவிட்சும் உண்டு. மாடிப்படி, படுக்கையறை இருவழி சுவிட்சுகளுக்கு ஆன் பக்கம், ஆஃப் பக்கம் என்றே கிடையாது.

எந்தக் கம்பியில் சுவிட்ச்?

இப்போது சித்தப்பாவின் கேள்விக்கு வருகிறேன்.

தமிழ்நாட்டுக்கு மின்சாரம் முதலில் வந்தது பெரிய நகரங்களுக்குத்தான். சென்னையில் 1895-லேயே மின்சார டிராம் ஓடியது. மலைத் தண்ணீரிலிருந்து மின்சாரம் எடுக்கும் பைக்காரா திட்டம் 1932-ல் வேலை செய்யத் தொடங்கியது. மேட்டூர் 1937, பாபநாசம் 1944 என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1957 ஜூலை 1-ல் மின்சார வாரியம் அமைந்த பிறகு கம்பிகள் வேகமாகக் கிராமங்களுக்குப் போயின. தண்ணீர் மலையிலிருந்து இறங்கி வந்தாலும், விளக்கு மலைக்கு ஏறிப் போகக் கொஞ்சம் காலம் ஆயிற்று. எங்கள் ஊர் அதற்கு ஓர் உதாரணம்.

வாரியம் அமைவதற்கு ஓராண்டுக்கு முன்பே, 1956-ல், இந்திய மின்சார விதிகள் வந்துவிட்டன. அதில் 32-வது விதி ஒரு முக்கியமான விஷயத்தைச் சொன்னது. நியூட்ரல் கம்பியில் மட்டும் தனியாகச் சுவிட்சோ ஃப்யூஸோ வைக்கக் கூடாது. வைத்தே தீர வேண்டுமானால் ஃபேஸும் நியூட்ரலும் ஒரே நேரத்தில் துண்டிக்கப்படும் இணைந்த சுவிட்சாக இருக்க வேண்டும். மின்சாரம் வீட்டுக்குள் வருவது ஃபேஸில், திரும்பிப் போவது நியூட்ரலில். ஃபேஸை அறுத்தால் ஹோல்டருக்குக் கரண்டே வராது. நியூட்ரலை மட்டும் அறுத்தாலும் விளக்கு அணைந்துவிடும், ஆனால் ஹோல்டர் வரை கரண்ட் வந்து காத்துக்கொண்டிருக்கும். திரும்பிப் போக வழி தேடும். ஈர பெஞ்சில் வெறுங்காலோடு, ஈரச் சுவரில் கையை ஊன்றி நிற்கிற ஒரு மனிதர் அதற்கு வழி ஆகிவிடுவார்.

எங்கள் வீட்டில் வயரிங் செய்தவர் சுவிட்சை நியூட்ரலில் மாட்டியிருந்தார். விளக்கு எரிந்தது, அணைந்தது. வருடக்கணக்கில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. தப்பான வயரிங்கும் சரியான வயரிங்கும் வெளியில் பார்க்க ஒரே மாதிரி இருப்பதுதான் இதில் பயங்கரம்.

நிறத்தை நம்பலாமே என்று கேட்பீர்கள். ஃபேஸ் சிவப்பு (மும்முனை என்றால் சிவப்பு, மஞ்சள், நீலம்), நியூட்ரல் கறுப்பு, எர்த் பச்சை. வழக்கம் அதுதான். ஆனால் வேலை முடியும் நேரத்தில் சிவப்பு தீர்ந்துபோய், கையிலிருந்த கறுப்பை இழுத்து விட்டுப்போனவர்கள் எத்தனையோ பேர். நிறம் ஒரு குறிப்பு மட்டும்தான். சாட்சி டெஸ்டர்தான்.

மெயின் ஆஃப் ஆனாலும் ஏன் அடித்தது?

தம்பியின் கேள்விக்குப் பதில் இன்னும் சமீபத்திய வரலாற்றில் இருக்கிறது.

2008-க்குப் பிறகு சில ஆண்டுகள் தமிழ்நாடு மின்வெட்டால் எப்படித் தவித்தது என்று உங்களுக்கு நினைவிருக்கும். 2012-ல் சென்னைக்கு வெளியே ஒரு நாளில் பாதி நேரம்கூட கரண்ட் இல்லாத ஊர்கள் இருந்தன. இங்கே மதுரையில் பிள்ளைகள் மெழுகுவத்தியில் பரீட்சைக்குப் படித்தார்கள். அந்த ஆண்டுகளில்தான் வீடுவீடாக இன்வெர்ட்டர் வந்தது. மின்வெட்டு போய்விட்டது, இன்வெர்ட்டர் போகவில்லை. மலையில் அதன் தேவை இன்னும் குறையவில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் பழனி மலையில் மரங்களையும் கம்பங்களையும் சாய்த்துப் போட்டபோது, எங்கள் பக்கம் இன்வெர்ட்டர் வைத்திருந்தவர்கள் அக்கம்பக்கத்தார் போனுக்கெல்லாம் சார்ஜ் போட்டுக் கொடுத்தார்கள்.

நல்ல பொருள்தான். ஆனால் அது வந்ததிலிருந்து நம் வீட்டில் கரண்ட் வரும் வழி ஒன்றல்ல, இரண்டு. மெயினை ஆஃப் செய்தால் இன்வெர்ட்டர் என்ன நினைக்கும்? “கரண்ட் போய்விட்டது” என்று நினைத்து, உடனே ஹால் லைட்டுக்கும் ஃபேனுக்கும் தானே கரண்ட் கொடுக்கத் தொடங்கும். அதுவும் முழு 230 வோல்ட். தம்பி மெயினை ஆஃப் செய்த அந்த நொடியில் இதுதான் நடந்தது. அவர் மின்வாரியத்தின் கரண்டை நிறுத்தினார். தன் வீட்டுக் கரண்டை நிறுத்தவில்லை.

“எம்.சி.பி. இருக்கிறதே, அது விழுந்து காப்பாற்றாதா?” என்று இன்னொருவர் கேட்டார். பழைய பீங்கான் ஃப்யூஸுக்குப் பதிலாக வந்தது எம்.சி.பி. ஜெர்மனியின் மான்ஹைம் நகரத்தில் ஹூகோ ஸ்டோட்ஸின் நிறுவனம் 1924-ல் காப்புரிமை பெற்ற கருவி இதன் மூதாதை. அதன் வேலை வயரைக் காப்பாற்றுவது. லைட் சர்க்யூட்டில் 6 ஆம்பியரோ 10 ஆம்பியரோ தாண்டினால்தான் அது விழும். மனிதனைக் கொல்ல ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்குகூட வேண்டாம். மனிதனைக் காப்பாற்ற வந்தது ஆர்.சி.சி.பி. போன கரண்டும் திரும்பி வந்த கரண்டும் சமமா என்று பார்த்து, 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தாலே துண்டித்துவிடும். ஆனால் அது மெயின் பக்கம் இருக்கும்போது இன்வெர்ட்டர் தருகிற கரண்டுக்குக் காவல் நிற்கும் என்று சொல்ல முடியாது. ஃபேஸையும் நியூட்ரலையும் ஒரே நேரத்தில் இரு கைகளால் தொட்டாலும் அதற்குத் தெரியாது.

சட்டம் நம் கையில் விட்ட வேலை

அப்படியென்றால் சுவிட்சை நாமே மாற்றலாமா, கூடாதா?

1956 விதிகளில் 45-வது விதி இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. வீட்டு வயரிங் வேலையை உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர்தான் செய்ய வேண்டும். ஆனால் பல்பு, ஃபேன், ஃப்யூஸ், சுவிட்ச் போன்றவற்றை மாற்றுவதற்கு விலக்கு உண்டு. நிபந்தனை ஒன்றுதான்: இணைப்பின் திறனும் தன்மையும் எந்த வகையிலும் மாறக் கூடாது. மத்திய மின்சார ஆணையம் 2010-ல் கொண்டுவந்த பாதுகாப்பு விதிமுறைகளிலும் இந்த விலக்கு அப்படியே தொடர்ந்தது.

அதாவது பழைய 6 ஆம்பியர் சுவிட்சை எடுத்துவிட்டு அதே மாதிரி 6 ஆம்பியர் சுவிட்சைப் போடுவது நம் வேலை. அந்த இடத்திலிருந்து புதிதாக வயர் இழுப்பதும், லைட் பாயிண்டிலிருந்து கீசருக்கு எடுப்பதும் நம் வேலை அல்ல. சட்டம் நம்மை நம்பி விட்ட இந்தச் சின்ன வேலையைக் கீழ்க்கண்ட வரிசையில் செய்யுங்கள். ஒன்றைக்கூடத் தாண்டாதீர்கள்.

1. வேலையைப் பகலில் வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த கை, ரப்பர் செருப்பு, காய்ந்த தரை. மர ஸ்டூல் நல்லது, இரும்பு ஏணி வேண்டாம். வீட்டில் இன்னொருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

2. டெஸ்டரை முதலில் கரண்ட் இருக்கிற ஒரு பாயிண்டில் வைத்துப் பாருங்கள். எரிந்தால்தான் டெஸ்டர் நல்ல டெஸ்டர்.

3. மெயினை ஆஃப் செய்யுங்கள். அந்த அறையின் எம்.சி.பி.யை மட்டும் தட்டினால் போதாது. மும்முனை இணைப்புள்ள வீட்டில் ஒரே போர்டுக்குள் இரண்டு சர்க்யூட் வந்திருக்கலாம்.

4. இன்வெர்ட்டரையும் அதன் சுவிட்சில் ஆஃப் செய்யுங்கள். நம் குடியிருப்பில் பொது ஜெனரேட்டர் இணைப்பும் இருப்பதால் காவலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். மெயின் போர்டில் “வேலை நடக்கிறது, போடாதீர்கள்” என்று ஒரு காகிதம் ஒட்டுங்கள். கரண்ட் போய்விட்டது என்று நினைத்து வீட்டில் ஒருவர் நல்லெண்ணத்தில் மெயினைப் போட்டுவிடுவார்.

5. போர்டைத் திறந்து, எதையும் கையால் தொடாமல், ஒவ்வொரு ஸ்க்ரூவிலும் டெஸ்டரை வையுங்கள். சுவிட்சை இரண்டு பக்கமும் தட்டிப் பாருங்கள். பிறகு டெஸ்டரை மறுபடியும் கரண்ட் இருக்கிற இடத்தில் (மாடிப்படி பொது பாயிண்ட் போன்ற இடத்தில்) வைத்து, அது இன்னும் வேலை செய்கிறது என்று உறுதிசெய்யுங்கள். டெஸ்டர் எரியவில்லை என்பதற்குக் கரண்ட் இல்லை என்றும் அர்த்தம் இருக்கலாம், டெஸ்டர் கெட்டுவிட்டது என்றும் இருக்கலாம்.

6. கழற்றும் முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஸ்க்ரூவில் இரண்டு வயர் இருந்தால், அதில் ஒன்று அடுத்த சுவிட்சுக்குப் போகும் லூப். இரண்டும் சேர்ந்தே இருக்க வேண்டும். இருவழி சுவிட்சில் மூன்று முனை இருக்கும், எந்த வயர் நடுமுனையில் இருந்தது என்பது முக்கியம்.

7. புதிய சுவிட்சில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கட்டும். வயரின் உலோகம் வெளியே தெரியாதபடி உள்ளே விட்டு ஸ்க்ரூவை இறுக்குங்கள். இழுத்துப் பாருங்கள், வரக் கூடாது. தளர்ந்த ஸ்க்ரூவில்தான் சூடும் பொறியும் வரும்.

8. மூடிய பிறகுதான் மெயினைப் போட வேண்டும். லைட் எரிந்ததும் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். சுவிட்சை ஆஃப் செய்துவிட்டு ஹோல்டர் பக்கம் கரண்ட் இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் யாரும் செய்யாத சோதனை அது.

போர்டைத் திறந்ததும் கருகிய வயர், உள்ளே ஈரம், எறும்புக் கூடு, பொடியாக உதிரும் இன்சுலேஷன், வெள்ளையாகத் தெரியும் பழைய அலுமினியக் கம்பி, படத்துக்கும் நிறத்துக்கும் பொருந்தாத இணைப்பு ஆகியவற்றில் எது தெரிந்தாலும் மூடிவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். கொடைக்கானல், மன்னவனூர் பக்கம் வீடு வாங்கிப் போட்டிருக்கும் நண்பர்களுக்கு இது கூடுதலாகப் பொருந்தும். மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த மலை வீட்டில் சுவர் ஈரமாக இருந்தால், போனவுடன் சுவிட்சைத் தட்டாதீர்கள்.

யாருக்காவது கரண்ட் பிடித்துக்கொண்டால் அவரைத் தொட்டு இழுக்காதீர்கள். மெயினையும் இன்வெர்ட்டரையும் அணையுங்கள். முடியாவிட்டால் காய்ந்த கட்டையால் தள்ளிவிடுங்கள். பிறகு 108. ஆள் எழுந்து நடந்தாலும் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள்

வரும் பொதுக்குழுவில் இரண்டு விஷயங்களை வைக்கப்போகிறேன். ஒன்று, ஒவ்வொரு வீட்டிலும் இன்வெர்ட்டர் கரண்ட் எந்தெந்த சுவிட்சுக்குப் போகிறது என்று நம் எலெக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்து, அந்தப் போர்டில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவது. இரண்டு, எல்லா வீட்டிலும் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று பார்த்து, இல்லாதவர்கள் வைத்துக்கொள்வது. இருப்பவர்கள் அதிலுள்ள ‘டி’ பொத்தானை இன்றைக்கே ஒருமுறை அழுத்திப் பாருங்கள். விழவில்லை என்றால் அது வெறும் அலங்காரம்.

சித்தப்பா இப்போது இல்லை. அந்த விபத்துக்குப் பிறகு கொடைக்கானலிலிருந்து ஒரு வயர்மேனை வரவழைத்து, எங்கள் வீட்டோடு பக்கத்து வீடுகளையும் பார்க்கச் சொன்னார். இன்னும் இரண்டு வீடுகளில் சுவிட்ச் நியூட்ரலில் இருந்தது. இரண்டையும் அன்றே மாற்றினார்கள். அந்த வயர்மேனுக்குக் கூலியாகக் கொடுத்தது காசும் ஒரு படி பூண்டும்.

நம் தம்பியின் தோள் சரியாகிவிட்டது. ஹால் சுவிட்ச் இன்னும் மாற்றவில்லை. அடுத்த ஞாயிறு இரண்டு பேருமாகச் சேர்ந்து மாற்றப்போகிறோம். பார்த்துக் கற்றுக்கொள்ள விரும்புகிறவர்கள் பத்து மணிக்கு வாருங்கள்.